பதினொண்ணு நாப்பதுக்கு மேலே வந்தார்

ஜெபசீலன் சாரைப் பத்திக் கேக்க யாராச்சும் இப்ப என் வூட்டுக்கு வந்தா எனக்கு மூக்குக்கு மேல கோவம் வருது. ஒருத்தன் வந்து, “எவ்ளோ நல்ல மனுசன், அவருக்குப் போயி இப்டியா?”ன்னு உச்சுக் கொட்றான். இன்னொருத்தன், “கதை எழுதறவனக் கொண்டாந்து அந்த வேலைல வெச்சா வேற இன்னா ஆவும்?”ன்றான். ரெண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் நான். அதனால ஒரே தடவையா நானே சொல்லிட்றேன். அப்புறம் எவனும் என்னைக் கேக்கக் கூடாது.

என் பேரு மஹபூப் பாஷா. ஆம்பூர்ல ஒரு தோல் கம்பெனில பம்ப் ஃபிட்டர். தோலு ஊற வெச்ச தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி, சாயத் தண்ணி எல்லாம் வந்து சேர்ற கடைசிப் பக்கம் இருக்கு பாருங்க, அங்கதான் எனக்கு இருபத்தாறு வருசமா வேலை. ஜெபசீலன் சார் அதே பக்கத்துல கெமிஸ்ட். தண்ணியப் புடிச்சு டெஸ்ட் பண்ணணும். அதவிட முக்கியமா, சேத்துத் தொட்டில ஆள் எறங்கறதுக்கு முன்னாடி கேஸ் மீட்டரை கயித்துல வுட்டுப் பாத்து, இவ்ளோ இருக்குன்னு ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். ஆள் எத்தினி மணிக்கு எறங்கினான், எத்தினி மணிக்கு மேல வந்தான், அதுவும் எழுதணும். அவர் கையெழுத்துக்குக் கீழ சாட்சிக் கையெழுத்து என்னுது. ரெண்டு கையெழுத்தும் இல்லாம எவனும் ஏணில கால் வெக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல்.

அந்தத் தொட்டியப் பத்தி ஒண்ணு தெரிஞ்சிக்கணும். தோலுல முடி உதிர்றதுக்குப் போட்ற மருந்து சேத்தோட சேந்து உள்ள கேஸ் ஆவும். அழுவிப்போன முட்டை நாத்தம் அடிக்கும். புதுசா வர்றவங்க மூக்கப் பொத்திக்குவாங்க. நாங்க அவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுக்கறது இதான்: நாத்தம் அடிக்கறப்ப உசாரா இரு, நாத்தம் திடீர்னு நின்னா ஓடு. கேஸ் ஜாஸ்தியானா மூக்கு மரத்துப்போவும், ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் ரெண்டு மூச்சுதான். அப்பக் கத்தறது மீட்டர் மட்டும்தான், அதனால எறங்கறவன் இடுப்புலயும் அதை மாட்டி வுடணும்.

சார் ஜோலார்பேட்டைக்காரர். அப்பா ரயில்வேல இருந்தவர். சம்சாரம் டோரதி அம்மா வேலூர்ல நர்ஸு. ஆளு ஒல்லியா, நெட்டையா, எப்பவும் சட்டைப் பாக்கெட்ல ரெண்டு பேனா வெச்சிருப்பாரு. நீலப் பேனா கம்பெனிக்கு, கறுப்புப் பேனா கதைக்கு. மாத்தி எழுதிட்டா அன்னைக்குப் பூரா மொகம் செத்துப்போயிடும். பேனால இன்னா சார் இருக்குன்னு ஒரு நாள் கேட்டதுக்கு, “பாய், ரெண்டும் கலந்துட்டா எது நெசம்னு எனக்கே மறந்துடும்”னாரு. நான் சிரிச்சேன்.

அவருக்குன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. “எழுதறவனுக்கு நாலு வேணும் பாய். எழுதறது, ஊர் சுத்தறது, தூங்கறது, பராக்குப் பாக்கறது. நாலுல ஒண்ணு கொறஞ்சாலும் மத்த மூணும் கெட்டுப்போவும்.”

“அப்ப இந்த வேலை?”

“அது அஞ்சாவது. அதுலருந்துதான் மத்த நாலையும் திருடணும்.”

திருடறத ஒழுங்கா திருடுனாரு, சும்மா சொல்லக் கூடாது. காலைல ஜோலார்பேட்டைல வண்டி ஏறினா மடில நோட்டு. வாணியம்பாடி தாண்டற வரைக்கும் எழுதுவாரு, விண்ணமங்கலம் வந்தா பேனாவ மூடிடுவாரு. மத்தியானம் சாப்ட்டுட்டு படிகார மூட்டைக்குப் பின்னாடி இருவது நிமிசம் தூக்கம். மூணு மணிக்கு மேல, காத்து அடிக்கற தொட்டில நுரை பொங்குமே, அதைப் பாத்துக்கினு கம்பிய புடிச்சு நிப்பாரு. கூப்ட்டா காதுல வுழாது. ஒரு நாள் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், “இன்னா சார் நீங்க, ஒரு மணி நேரமா ஒரு எடத்துல நிக்கறீங்க”ன்னு. “வேலை செய்யறேன் பாய்”னாரு. மாசத்துல ஒரு நாள் எங்கயாச்சும் போயிடுவாரு. வர்ற மொத வண்டில ஏறி சேலம் போவாரு, இல்ல பஸ்ஸ புடிச்சு காவேரிப்பாக்கம் ஏரிக்கரைல போயி உக்காந்துட்டு வருவாரு. போனை ஆஃப் பண்ணிடுவாரு.

எழுதினதை மொதல்ல படிக்கறவன் நான்தான். எனக்கு அவ்ளோ படிப்பு கெடயாது, எட்டாவது. ஆனா நாலு பக்கம் எழுதினாப் போதும், என்கிட்ட நீட்டி, “படிச்சுப் பாருங்க பாய். எங்கயாச்சும் பொய் மாதிரி இருந்தா சொல்லுங்க”ம்பாரு. நானும் சொல்லுவேன். “சார், பம்ப்புல ஃபுட் வால்வு லூஸானா சத்தம் இப்டி வராது.” உடனே அடிச்சுட்டு மாத்துவாரு. ஆறு வருசமா ஒரு நாவல் எழுதிக்கினு இருந்தாரு. அதுல ஒரு பம்ப் ஃபிட்டர் வர்றான். கோவக்காரன், வாய் நீளம், உள்ளுக்குள்ள வெல்லம். அது யாருன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியாதா? ராத்திரி படுத்தா அந்தாளு அடுத்து இன்னா பண்ணுவான்னு தான் நெனப்பு. இத்தினி வருசத்துல என்னை ஒருத்தர் இவ்ளோ உத்துப் பாத்தது கெடயாது, அதான் நெசம்.

கோளாறு ஆரம்பிச்சது நாலு வருசம் முன்னாடி. ஒரு மழை நாளு, மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து ஏதோ எழுதிக்கினு இருந்தவரு மூணு மணி ரீடிங்க மறந்துட்டாரு. அஞ்சு மணிக்கு ஞாபகம் வந்து ஒரு நம்பரைப் போட்டாரு. ஒண்ணும் ஆவல. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. அப்புறம் திங்கக்கெழமையே வாரம் பூராவுக்கும் எழுதி வெச்சிட்றது. நான் கேட்டேன், “இன்னா சார் இது, நாளைக்கு நடக்கறத இன்னைக்கே எழுதறீங்க?”

“பதினஞ்சு வருசமா பாக்கறேன் பாய், சைபர் தாண்டி போனதே இல்ல. அந்த நேரத்துல ஒரு பக்கம் எழுதலாம்.”

அதுலயும் அவரு கதைக்காரரு இல்லையா? தெனம் சைபர்னு போட்டா எவன் நம்புவான்னு ஒரு நாள் ஒண்ணு போடுவாரு, ஒரு நாள் ரெண்டு. பக்கத்துல குறிப்பு வேற: ‘நேற்றைய மழையால் சிறிது வாடை. காற்றாடி அரை மணி கூடுதலாக ஓட்டப்பட்டது.’ ‘ஏணியின் மூன்றாம் படி வழுக்குகிறது, துடைக்கச் சொல்லப்பட்டது.’ படிச்சா நேர்ல பாக்கற மாதிரி இருக்கும். வெளிநாட்டு ஷூ கம்பெனிலருந்து ஆடிட்டுக்கு வந்தவங்க நாலு ஃபேக்டரி பாத்துட்டு, எங்க ரெஜிஸ்டர்தான் பெஸ்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. மேனேஜர் ராமமூர்த்தி அதை ஃபிரேம் போட்டு மாட்டினாரு. நானும் சாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கல. ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் என் கையெழுத்து இருந்துச்சு.

தொட்டில எறங்கறவன் சத்தார். முப்பத்தி நாலு வயசு, பேரணாம்பட்டு ரோட்டுல வூடு. சம்சாரம் அலீனா, ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. எறங்கறதுக்கு முன்னாடி போனை என் கைல குடுப்பான். மேல வந்து, சோப்பு போட்டு கை கழுவி, என்கிட்ட போனை வாங்கி அலீனாவுக்கு ஒரு மிஸ்டு கால். வந்துட்டேன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் டீ குடிப்பான். “பொண்டாட்டிக்கு அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?”ன்னு நான் வம்புக்கு இழுப்பேன். “உங்க ரெஜிஸ்டரை வுட இதான் பாய் கரெக்டு”ம்பான். சிரிச்சுக்கினேதான் சொல்லுவான். ஆனா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

போன வருசம் ஆவணில ஒண்ணு நடந்துச்சு. காலைல போய்ப் பாத்தா தொட்டி வாய்ல ஒரு பெருச்சாளி செத்துக் கெடக்குது. காயம் ஒண்ணும் இல்ல, தூங்கற மாதிரி கெடக்குது. சத்தார் வாலைப் புடிச்சுத் தூக்கி, “பாய், இவரு சாட்சிக் கையெழுத்து வாங்காம எறங்கிட்டாரு போல”ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் ரெஜிஸ்டரைத் தொறந்து பாத்தேன். அன்னைக்குக் காலைல ஆறு மணி ரீடிங், சைபர்னு இருந்துச்சு. ஆறு மணிக்கு சார் ஜோலார்பேட்டைல தூங்கிக்கினு இருந்திருப்பாரு.

ஜெபசீலன் சார் அந்தப் பெருச்சாளிய ரொம்ப நேரம் பாத்துக்கினு நின்னாரு. மொகத்துல ரத்தமே இல்ல. அதுக்கப்புறம் பத்து நாளு தெனம் மூணு வேளை அவரே கயிறு வுட்டு மீட்டர் பாத்தாரு. ஒரு நாள் அஞ்சு காட்டுச்சு, ஒரு நாள் எட்டு. பத்தானா மீட்டர் கத்தும். நாவல் நின்னுபோச்சு. பன்னண்டாவது நாளு என்கிட்ட வந்து, “பாய், ஒரு வரி கூட வரல. மண்டைக்குள்ள கேஸ் நம்பர்தான் ஓடுது”ன்னாரு. அந்த எடத்துல நான் ஒரு அதட்டு அதட்டியிருக்கணும். ‘நாவல் எங்கயும் ஓடிப்போவாது சார், மீட்டரைப் பாருங்க’ன்னு சொல்லியிருக்கணும். நான் சொல்லல. எனக்கும் அந்தக் கதை வேணும். பதிமூணாவது நாளு ரெஜிஸ்டர்ல மறுபடி அடுத்த நாள் பக்கம் ரொம்பிச்சு. நான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் மாசம், புதன்கெழமை சாயந்திரம். சார் என்கிட்ட ஓடி வந்தாரு, ஓடி வர்ற ஆளே கெடயாது. “பாய், கடைசி அத்தியாயம் வந்துடுச்சு. கண்ணு முன்னாடி நிக்குது. நாளைக்கு ஒரு நாளு ஏரிக்கரைல உக்காந்தா முடிச்சிடுவேன்.”

“நாளைக்கு தொட்டி சுத்தம் பண்ற நாளு சார்.”

“தெரியும். எழுதி வெச்சிட்டேன். மீட்டர் லேப் அலமாரில சார்ஜ் ஏறிக்கினு இருக்குது. நீங்களே ஒரு தடவ வுட்டுப் பாத்துட்டு சத்தார் இடுப்புல மாட்டிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. “இன்னா வெளையாட்றீங்களா? ஒரு நாள் தள்ளிப் போனா ஏரி வத்திப்போயிடுமா?”ன்னு கத்தினேன். அவரு தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு. எனக்கே பாவமாப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, “சரி, என் ஆளு கடைசில சாவறானா, பொழைக்கறானா? அதைச் சொல்லுங்க”ன்னேன். ‘என் ஆளு’ன்னு அன்னைக்குத்தான் மொத தடவையா வாய்விட்டுச் சொன்னது.

அவரு மொகம் அப்டியே பூரிச்சுப்போச்சு. “நாளைக்குத் தெரியும் பாய்.”

ரெஜிஸ்டரை நீட்டினாரு. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கெழமை காலைல சார் அட்டெண்டன்ஸ் மெசின்ல கட்டை விரல் வெச்சுட்டு பின் கேட் வழியாப் போய்ட்டாரு. பதினோரு மணிக்கு ராமமூர்த்தி போன். சேத்து பம்ப் அடைச்சுக்கிச்சு, தொட்டி மட்டம் ஏறுது, மறுநாள் ஆபீசருங்க சோதனைக்கு வர்றாங்க, இப்பவே ஆள எறக்குன்னு. நான் லேபுக்குப் போனேன். அலமாரி பூட்டியிருந்துச்சு. சாவி எப்பவும் தொங்கற ஆணில இல்ல. சார் சாவிய பாக்கெட்ல போட்டுக்கினு காவேரிப்பாக்கம் போய்ட்டாரு. போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஒரு கம்பி வெச்சு நெம்பியிருந்தா அந்தப் பூட்டு தெறிச்சிருக்கும். கைல கம்பியும் இருந்துச்சு. கம்பெனி அலமாரியாச்சே, ஒடச்சா ஏன்னு கேப்பானே, சார் எங்கன்னு கேப்பானேன்னு யோசிச்சேன். யா அல்லா, அந்த ஒரு நிமிசத்த நான் எத்தினி தடவ திரும்பத் திரும்ப நெனச்சிருப்பேன்!

காத்தாடிய அரை மணி ஓட்டினேன். சத்தார் இடுப்புல பெல்ட்டும் கயிறும் கட்டிக்கினான். தொட்டிக்கிட்ட நாங்க ரெண்டு பேர்தான். போனை என் கைல குடுத்தான். அன்னைக்கு ஒரு நாத்தமும் இல்ல. எனக்கு அது தோணுச்சு. தோணலன்னு பொய் சொல்ல மாட்டேன்.

“பாய், ரீடிங் இன்னா?”

நான் ரெஜிஸ்டரைத் தொறந்தேன். கறுப்பு மையில இருந்துச்சு. நீலப் பேனா தீந்துபோச்சோ, அவசரத்துல மாத்தி எடுத்துட்டாரோ தெரியல. கறுப்புன்னா கதைன்னு இந்த ஒலகத்துலயே தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். ‘காலை 10.50. வாயு: சைபர். நேற்று பெய்த மழையால் தொட்டிச் சுவரில் பாசி. காற்றாடி அரை மணி ஓட்டப்பட்டது. வாடை இல்லை.’ காத்தாடி அரை மணி ஓடித்தான் இருந்துச்சு. சுவத்துல பாசி இருந்துச்சு. வாடையும் இல்ல. எல்லாம் அப்டியே இருந்துச்சு. நான் படிச்சேன், நம்பிட்டேன்.

“சைபர்”னு சொன்னேன்.

அவன் எறங்கினான். அஞ்சு நிமிசம் கம்பிக் கொக்கியால அடைப்பைக் கிண்டற சத்தம் கேட்டுச்சு. கிண்டினா அடில இருக்கற கேஸ் மொத்தமா கெளம்பும். சத்தம் நின்னுச்சு. “சத்தார்!”னேன். கயித்த இழுத்தேன், பம்ப் பைப்புல மாட்டிக்கிச்சு, வரல. கத்தினேன். ஆளுங்க ஓடி வந்தாங்க. நான் ஏணில கால் வெச்சேன், நாலு பேர் என்னைப் புடிச்சு இழுத்துத் தரைல தள்ளினாங்க. அப்ப என் பாக்கெட்ல அவன் போன் அடிச்சுது. எடுத்துப் பாத்தா அலீனா. அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சுது. ஃபயர் சர்வீஸ் வந்து பன்னண்டரைக்கு மேல தூக்கினாங்க. வேலூருக்குக் கொண்டு போறப்பவே ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்.

நான் ஆஸ்பத்திரிலருந்து கம்பெனிக்குத் திரும்பி வந்து பின் கேட்டுக்கிட்ட உக்காந்திருந்தேன். அஞ்சரை மணி இருக்கும். சார் உள்ள வர்றாரு. தலையெல்லாம் புழுதி, கைல நோட்டு, மொகம் பூரா சிரிப்பு. என்னைப் பாத்ததும் தூரத்துலருந்தே கைய ஆட்டினாரு.

“முடிச்சிட்டேன் பாய்! உங்க ஆளு பொழச்சிட்டான்!”

நான் எந்திரிச்சுப் போயி அவரு சட்டையப் புடிச்சேன். அடிக்கணும்னுதான் போனேன். கை வரல. “சாவி எங்க?”ன்னேன். அவரு பாக்கெட்டத் தொட்டுப் பாத்தாரு. சாவி சத்தம் போட்டுச்சு. நான் வேற ஒண்ணும் சொல்லத் தேவையில்லாமப் போச்சு. அவரு அப்டியே மண்ணுல உக்காந்துட்டாரு.

மறுநாள் ராமமூர்த்தி எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்ட்டாரு. மேசை மேல ரெஜிஸ்டர். அந்தப் பக்கத்துல நான் படிக்காத கடைசி ரெண்டு வரியை அவரு சத்தமாப் படிச்சாரு.

“‘11.10க்கு சத்தார் இறங்கினார். 11.40க்கு நலமாக மேலே வந்தார்.’”

சார் தலையத் தூக்கல.

ராமமூர்த்தி கெட்டவரு இல்ல. பயந்த ஆளு. அந்தப் பயத்துல அவருக்கு ஒரு வழி தெரிஞ்சிடுச்சு. “ஆக, வேலை முடிச்சு மேல வந்துட்டான். ரெண்டாவது தடவ, யாருக்கும் சொல்லாம அவனா எறங்கியிருக்கான். போன் கீன் உள்ள வுழுந்திருக்கும், எடுக்கப் போயிருப்பான். ரெஜிஸ்டர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கம்பெனி மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் இல்ல.” அப்புறம் சார் பக்கம் திரும்பி, “திங்கக்கெழமை ஆபீசருங்க விசாரிக்க வர்றாங்க. நீங்க ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுங்க சார். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே”ன்னாரு.

வெளிய வந்தோம். நான் சாரைக் கேட்டேன், “ஏன் சார் அதை எழுதினீங்க? நம்பர் போட்டீங்க, சரி. அவன் மேல வந்தான்னு எதுக்கு எழுதினீங்க?”

“அவன் உள்ள இருக்கற மாதிரி பக்கத்த முடிக்க மனசு வரல பாய்”னாரு.

நெசமாச் சொல்றேன், எனக்கு அப்ப சத்தார் ஞாபகம் வரல. வேலூர் பஸ்ல போறப்பல்லாம் ஜெயில் மதில் சுவரைப் பாத்திருக்கேன், அதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. வாயத் தொறக்காம இருந்தாப் போதும். மூணு வருசத்துல ரிட்டயர்டு. பொய்ய நான் சொல்லக் கூடத் தேவையில்ல, ஏற்கெனவே எழுதியாச்சு. ரெண்டு நாள்ல ஊருக்குள்ள பேச்சு பரவிடுச்சு: சத்தார் போனுக்கு ஆசப்பட்டு எறங்கிச் செத்தான்னு. டீக்கடைல ஒருத்தன், “ஒரு போனுக்கா உசுர வுடுவான், முட்டாப்பய”ன்னான். நான் டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை செத்தவனுக்கு ஓதற ஃபாத்திஹாவுக்கு சத்தார் வூட்டுக்குப் போனோம். சாரும் வந்தாரு, வேணாம்னு சொல்லியும் கேக்கல. அலீனா புருசன் செத்தா இருக்கற இத்தாவுல இருக்கு, வெளி ஆம்பளைங்க முன்னாடி வராது. நான் சத்தார் போனை அதோட அண்ணன் கைல குடுத்தேன். பவர் தீந்து செத்துப்போயிருந்துச்சு. அண்ணன் அதை உள்ள குடுத்தாரு. அப்புறம் தெரைக்குப் பின்னாடிலருந்து கொரல் வந்துச்சு.

“பாஷா பாய், இந்தப் போன் உங்ககிட்டதான் இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“எப்பலருந்து?”

“அவன் எறங்கறதுக்கு முன்னாடி குடுத்தான்மா.”

“அப்ப எந்தப் போனை எடுக்க மறுபடி எறங்கினாரு?”

அந்தக் கொரல்ல அழுகை இல்ல, கோவமும் இல்ல. “வேலை முடிச்சு பதினொண்ணு நாப்பதுக்கு மேல வந்துட்டாருன்னு புஸ்தகத்துல எழுதியிருக்குன்றாங்க. மேல வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு பாய். கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு நாளும் தவறினது இல்ல. அன்னைக்குக் குடுக்கல. நானே ரெண்டு தடவ பண்ணேன், எடுக்கல. அவரு மேல வந்தாரா பாய்? நீங்க கண்ணால பாத்தீங்களா?”

அந்தச் சின்னப் பொண்ணு தெரைக்கு அடில பூந்து வெளிய வந்து, சார் முன்னாடி நின்னு அவரையே பாத்துச்சு. சார் அதோட தலைல கை வெக்கப் போயி, வெக்காம எடுத்துக்கினாரு. நான், “வர்றோம்மா”ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். அந்த வூட்டுப் படி எறங்கறப்ப எனக்கு என்னையே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

சார் கூட ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். வண்டி வந்துச்சு, ஏறல. அடுத்த வண்டியும் போச்சு. பிளாட்ஃபார்ம் பெஞ்சுல உக்காந்து பாக்கெட்லருந்து பேனாவ எடுத்தாரு. நான் அவரை அப்டியே வுட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்டேன்.

திங்கக்கெழமை காலைல எட்டு மணிக்கு படிகார மூட்டைக்கிட்ட எனக்காகக் காத்துக்கினு இருந்தாரு. ராத்திரி தூங்கல போல, கண்ணு செவந்திருந்துச்சு. மூணு தாளை நீட்டினாரு. நீல மை.

“படிச்சுப் பாருங்க பாய். எங்கயாச்சும் பொய் மாதிரி இருந்தா சொல்லுங்க.”

நான் மூட்டை மேல உக்காந்து படிச்சேன். நாலு வருசமா ரீடிங்க பாக்காமலே எழுதினது, பெருச்சாளி செத்தது, வியாழக்கெழமை விரல் வெச்சுட்டு ஏரிக்குப் போனது, சாவி பாக்கெட்ல இருந்தது, எல்லாம் இருந்துச்சு. குறிப்பு, வர்ணனை ஒண்ணும் இல்ல. ‘சத்தார் 11.40க்கு மேலே வரவில்லை. அதை நான் முந்தின நாள் மாலையே எழுதினேன். அவர் ஒரு தடவைதான் இறங்கினார். போன் அவரிடம் இல்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.’ இவ்ளோ வருசத்துல அவரு எழுதினதுலயே அதான் நல்லா இருந்துச்சு. சொன்னா கோவிச்சுக்குவாருன்னு சொல்லல.

மூணாவது தாள்ல, கடைசி ரெண்டு வரி: ‘நான் முன்கூட்டியே எழுதி வைத்தது மஹபூப் பாஷாவுக்குத் தெரியாது. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.’

அதை ரெண்டு தடவ படிச்சேன். அவரு நுரையப் பாக்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருந்தாரு. காதுல வுழாத மாதிரி நின்னாரு. ஆனா எனக்குத் தெரியும், ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கினு இருக்காரு. கேட்டுக்கு வெளிய ஜீப் வந்து நிக்கற சத்தம் கேட்டுச்சு.

“சார்”னேன், “இங்க ஒரு பொய் இருக்கு.”

அவரு திரும்பல. “அது இருக்கட்டும் பாய்.”

“பேனாவக் குடுங்க.”

குடுக்கல. நானே எந்திரிச்சுப் போயி அவரு பாக்கெட்லருந்து நீலப் பேனாவ எடுத்தேன். அந்த ரெண்டு வரியையும் அடிச்சேன். அதுக்கு மேல என் கோழிக் கிறுக்கல்ல, ‘பாஷாவுக்குத் தெரியும். கறுப்பு மையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சைபர் என்று சொன்னான்’னு எழுதினேன். கீழ அவரு கையெழுத்து இருந்துச்சு. அதுக்குக் கீழ, எப்பவும் போட்ற எடத்துல, என்னுதப் போட்டேன்.